எண்ணெய் தேசத்துக்கு வழித்துணை

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை 500 அடி கொண்டது. பரிசு பெற்றுத் திரும்பும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. வழியைச் சொல்வதற்கு முன்பே கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் உறுதிமொழியைக் கொடுத்துவிடுகிறார். இளந்திரையன் நாட்டில் வழிப்போக்கரை அடித்துப் பறிப்பவர் கிடையாது. இடி உறுமாது. பாம்பு தீண்டாது. காட்டு விலங்கும் துன்பம் செய்யாது. வேண்டிய இடத்தில் தங்கி இளைப்பாறிப் போகலாம்.

இன்றைய தூதரகம் எதுவும் இவ்வளவு துணிச்சலாகப் பயண அறிவுரை வெளியிடாது. பரிசிலை எதிர்பார்க்கும் புலவரின் வாக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். அதே பாட்டில் சற்றுத் தள்ளி, மிளகுப் பொதி சுமந்த கழுதைகள் சாத்துச் சாத்தாகப் போகும் சுங்கப் பெருவழி ஒன்று வருகிறது. அங்கே வில்லேந்திய காவலர் இருக்கிறார்கள். கள்ளரே இல்லாத நாட்டில் வில்லுக்கு என்ன வேலை என்று பாணன் கேட்கவில்லை.

அந்தத் தொண்டை நாட்டின் ஒரு துண்டுதான் இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பட்டை. இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் பெயர்ப்பலகைகள் நீள்கின்றன. மிளகு போன வழியில் இப்போது கார்களும் லாரிகளும் செல்பேசிகளும் போகின்றன. கொரியாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஆட்கள் இங்கே வேலையாக வருகிறார்கள். இங்கிருந்து ஃபிட்டரும் வெல்டரும் என்ஜினீயரும் குவைத்துக்கும் சவூதிக்கும் பாஸ்ராவுக்கும் போகிறார்கள். பிறர் வேலைக்காகப் பயணம் போகிறவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதற்குக் கிடைத்த பதில்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பதில் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் பயணியின் பதவியைப் பொறுத்திருந்தது.

பழைய வணிகக் குழுக்கள் அரசனின் வில்லை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழுவின் கல்வெட்டுகளில் வணிகரோடு படைவீரரும் சேர்ந்தே வருகிறார்கள். வீரர்களின் காவலில் இருந்த வணிக ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்றே பெயர். கடல் கடந்தும் இதே ஏற்பாடுதான். தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக ஒப்படைக்கிறது. ஒரு தரப்பு வணிகர், மறு தரப்பு படையினர். அந்நிய மண்ணில் தண்ணீருக்கு இருவரும் சேர்ந்து பொறுப்பேற்றார்கள். சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே ஐந்நூற்றுவரை இழுத்தது கற்பூரம். ஏறக்குறைய எட்டு நூற்றாண்டு கழித்து, 1885-ல், அதே தீவின் வடக்கில் தெலாகா சயீத் என்ற இடத்தில் எண்ணெய் பொங்கியது. ராயல் டச்சு நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. அபாயமான இடத்தில் விலையுயர்ந்த சரக்கு கிடைப்பது பழைய கதை.

குழுவின் ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. காப்பவனும் காக்கப்படுபவனும் ஒரே பாதையில் நடந்தார்கள். கொள்ளை நடந்தால் இருவருக்கும்தான் நஷ்டம். பிற்காலத்தில் காவல் தனித் தொழிலாகவும் தனித் துறையாகவும் பிரிந்தபோது இந்த ஒட்டுறவு அறுந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து மொரிஷியஸுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகள் கப்பலேறினார்கள். ஏமாற்றி ஏற்றுகிறார்கள், வழியில் சாகிறார்கள் என்று கூச்சல் எழுந்த பிறகு 1842-லும் 1864-லும் சட்டங்கள் வந்தன. துறைமுகத்தில் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற அதிகாரி உட்கார்ந்தார். மனமொப்பித்தான் போகிறாயா என்று கூலியைக் கேட்பது, கப்பலில் இடம், தண்ணீர், மருத்துவர் எல்லாம் உண்டா என்று பார்ப்பது அவர் வேலை. ஒப்பந்தக் கூலிமுறை 1917-ல் நின்றது. 1922-ல் புதுச் சட்டம் வந்தது. பதவிப் பெயர் மட்டும் போகவில்லை. சென்னையில் அந்த அலுவலகம் இன்றும் இருக்கிறது.

ஆனால் தமிழர் முதலில் பெரும் எண்ணிக்கையில் போன எண்ணெய் தேசத்துக்கு இந்தப் பாதுகாவலரின் கை எட்டவில்லை. அந்தத் தேசம் பர்மா. 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூனுக்குக் கப்பலேறுவது சட்டத்தின் கண்ணில் குடிபெயர்வே அல்ல. பர்மா ஆயில் கம்பெனி 1886-ல் கிளாஸ்கோவில் தொடங்கியது. ஏனன்ஜாங், சாவுக் வயல்களில் எண்ணெய் எடுத்தது. ரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியத்தில் சுத்திகரித்தது. செட்டியார்களின் கடன் பணம் நெல் வயல்களில் புரண்டது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் தமிழரும் தெலுங்கரும் சுமை தூக்கினார்கள். 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிராகக் கலவரங்கள் நடந்தன. இன்றைய பாதுகாப்பு ஆலோசகர் இவற்றை ‘முன்னெச்சரிக்கை அறிகுறி’ என்று கோப்பில் குறித்துக்கொள்வார். அன்று கோப்பும் இல்லை, ஆலோசகரும் இல்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதற்குப் பிறகு நடந்ததைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல இன்னமும் கதையாகச் சொல்கின்றன. கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் புரோமிலிருந்து மலை தாண்டி அரக்கான் கரைக்கு. ஒரு கூட்டம் சிண்ட்வின் ஆற்றைக் கடந்து தாமு வழியாக மணிப்பூருக்கு. வெளியேறிய இந்தியர் நான்கைந்து லட்சம் பேர் இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாய் இறந்தார்கள். அந்த நடையிலும் பதவி வேலை செய்தது. வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை என்று ஒதுக்கினார்கள் என்ற புகார் டெல்லி வரை போனது. கடல்கடந்த இந்தியர் நலனைக் கவனித்த எம். எஸ். ஆணே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த ஏப்ரலில், ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாதென்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஏனன்ஜாங் எண்ணெய்க் கிணறுகளை அழித்தது. இதில் ஒரு பின்கதை உண்டு. தன் சொத்தை அரசே அழித்ததற்கு நஷ்டஈடு வேண்டும் என்று பர்மா ஆயில் கம்பெனி வழக்குத் தொடுத்து, 1964-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபைத் தீர்ப்பில் வென்றது. உடனே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1965-ல் முன்தேதியிட்டு ஒரு சட்டம் போட்டு அந்த உரிமையை ரத்து செய்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் பாடமாக நடத்துகிறார்கள். தோற்றாலும் கிணறுகளுக்காக வாதாட வக்கீல் இருந்தார். காட்டுப் பாதையில் விழுந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் திசை மாறியது. கிழக்கே போன கப்பல்களின் இடத்தில் மேற்கே போகும் விமானங்கள் வந்தன. தமிழ்நாடு அரசு 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. 1922 சட்டம் தோட்டக் கூலியை மனத்தில் வைத்து எழுதியது. வளைகுடாவுக்குப் போகும் மேஸ்திரிக்கும் டிரைவருக்கும் அது பொருந்தவில்லை. 1983-ல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. ஏஜென்ட் லைசென்ஸ் வாங்க வேண்டும், ஒப்பந்தத்தைப் பாதுகாவலர் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. போர் வந்தால் என்ன செய்வது என்று அதில் சொல்லவில்லை.

போர் ஏழே ஆண்டில் வந்தது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கும் ஈராக்கிலுமாக ஒன்றே முக்கால் லட்சம் இந்தியர் வரை இருந்தார்கள். வங்கிகள் மூடிக்கிடந்தன, குவைத் தினாருக்கு மதிப்பில்லை. பல முதலாளிகள் ஓடிவிட்டார்கள்; பாஸ்போர்ட்டோ அவர்களின் அலமாரியில். வெளியுறவு அமைச்சர் ஐ. கே. குஜ்ரால் பாக்தாத் போனார். சதாம் உசேன் அவரைக் கட்டித் தழுவிய படம் உலகெங்கும் அச்சேறி, இந்தியாவுக்குக் கெட்ட பெயரும் வாங்கித் தந்தது. ஆனால் அந்தத் தழுவலுக்குப் பலன் இருந்தது: இந்தியர்கள் வெளியேற வழி திறந்தது. குவைத்திலிருந்து பஸ்ஸில் பாஸ்ரா, பாக்தாத், அங்கிருந்து ஜோர்டான் எல்லைப் பாலைவன முகாம், பிறகு அம்மான் விமான நிலையம். ஆகஸ்ட் 13 முதல் அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா 488 தடவை பறந்து 1,11,711 பேரை ஏற்றிவந்தது என்று கின்னஸ் புத்தகம் பதிவு செய்திருக்கிறது. ஒரு பயணிகள் விமான நிறுவனம் செய்த மிகப் பெரிய மீட்புப் பணி அதுதான்.

இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம், தப்பில்லை. ஆனால் அதன் உள்ளே பார்த்தால் இன்னொன்று தெரியும். வேலைக்கு வைத்த கம்பெனியின் கடமை அத்தனையும் அந்த அறுபது நாளில் அரசின் தலையில் விழுந்தது. பர்மாவில் இல்லாத ஒன்று பிறகு இங்கே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.நா. 1991-ல் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் ஒரு பங்கைப் பிடித்து, ஓட நேர்ந்த தொழிலாளருக்கு ஆளுக்கு 2,500 டாலர், வேறு எந்த உரிமையும் கோராதவருக்கு 4,000 டாலர் என்று கொடுத்தார்கள். கம்பெனிகளின் பெரிய கோரிக்கைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தனி மனிதரின் சிறிய கோரிக்கைகளை முதலில் தீர்த்தார்கள். மொத்தம் 5,240 கோடி டாலர் கொடுத்து முடிய 2022 ஆகிவிட்டது. நடந்து வந்தவனின் கணக்கு கிணற்றுக்காரனின் கணக்குக்கு முன்னால் வந்தது, தெரிந்தவரை, எண்ணெய் வரலாற்றில் இந்த ஒரு தடவைதான்.

அம்மான் விமானங்கள் நின்று ஏழே மாதத்தில், 1991 மே 21 இரவு, பயணப் பாதுகாப்பு என்ற சொல் ஸ்ரீபெரும்புதூரின் பெயரோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் சென்னை வந்து, காரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த ராஜீவ் காந்தி, 10.20 மணியளவில் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். கூட இருந்தவர்களும் காவல் பணியில் இருந்தவர்களும் இறந்தார்கள். பிரதமருக்காக 1988-ல் சட்டம் போட்டு நிலைப்படுத்திய சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் காவல், பதவி போனதும் அவருக்கு இல்லாமல் போயிருந்தது. பாதுகாப்புக் குறைகளை நீதிபதி ஜே. எஸ். வர்மா ஆணையம் ஆராய்ந்தது. முன்னாள் பிரதமர்களுக்கும் அந்தக் காவல் நீளும்படி அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயம் ஆளைப் பார்த்து வருகிறது, காவலோ நாற்காலியைப் பார்த்து வருகிறது என்பதை இந்த ஊர் இந்தியாவுக்கே காட்டிவிட்டது.

அப்படி ஓர் ஊருக்கு அந்நிய முதலீடு வருமா என்று அன்று யாராவது யோசித்திருக்கலாம். ஐந்தே ஆண்டில், 1996-ல், ஹூண்டாய் வந்தது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியேறியது. தயங்காமல் வந்ததற்கு ஒரு காரணம் அந்தக் குழுமத்தின் பூர்வீகமாக இருக்கலாம். ஹூண்டாயைப் பெரிதாக்கியது காரல்ல, பாலைவனம். 1976-ல் சவூதி அரேபியாவின் ஜுபைல் தொழில் துறைமுகத்தைக் கட்டும் ஒப்பந்தம், சுமார் 93 கோடி டாலருக்கு, ஹூண்டாய் கட்டுமானக் கம்பெனிக்குக் கிடைத்தது. பிரம்மாண்டமான இரும்புக் கட்டமைப்புகளைக் கொரியாவின் உல்சானில் செய்து, படகுகளில் கட்டி, இந்தியப் பெருங்கடல் வழியே இழுத்துக்கொண்டு போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் லட்சத்துக்கும் அதிகமான கொரியத் தொழிலாளர் மத்திய கிழக்கில் முகாம் போட்டிருந்தார்கள். அபாயமான நாட்டுக்கு ஆள் அனுப்பிப் பழகிய நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் அமைதியான கிராமம்.

இன்று இங்கே வரும் கொரிய, ஜப்பானிய மேலாளருக்கு உண்மையான ஆபத்து துப்பாக்கியில் இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எதிர்த்திசையில் வரும் டிராக்டரில் இருக்கிறது. உலக அளவிலும் அயல்நாடு போகிற பயணிகளின் விபத்துச் சாவுகளில் சாலைக்கே முதலிடம். அதனால்தான் பெரிய கம்பெனிகள் ‘ஜர்னி மேனேஜ்மென்ட்’ என்று தனியே விதி வைத்திருக்கின்றன. இரவுப் பயணத்துக்கு முன் அனுமதி, பின் இருக்கையிலும் சீட் பெல்ட், டிரைவருக்கு ஓய்வு நேரம், போய்ச் சேர்ந்ததும் ஒரு போன். இந்த விதிகளில் பெரும்பாலானவை எண்ணெய் வயல்களில் பிறந்தவை.

தங்கள் ஆட்களை இழந்துதான் கொரியாவும் ஜப்பானும் கற்றுக்கொண்டன. 2004 ஜூனில் அமெரிக்கப் படைக்குச் சரக்கு வழங்கிய ஒரு கொரியக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் கிம் சுன்-இல் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார். 2007-ல், ஈராக், ஆப்கானிஸ்தான், சோமாலியா போன்ற நாடுகளுக்கு அரசு அனுமதியின்றிப் போவது குற்றம் என்று தென்கொரியா கடவுச்சீட்டுச் சட்டத்தை இறுக்கியது. 2013 ஜனவரியில் அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலையை ஆயுதக் குழு பிடித்துக்கொண்டது. நான்கு நாளில் ஆலைப் பணியாளர் 40 பேர் வரை இறந்தார்கள். ஜப்பானின் ஜேஜிசி பொறியியல் நிறுவனத்துக்காக வேலை செய்த 10 ஜப்பானியரும் அதில் அடக்கம். வெளிக்காவலை அல்ஜீரிய ராணுவம் பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனிகள் அளவுக்கு மீறி நம்பின என்று ஆலையின் பங்காளியான நார்வேயின் ஸ்டாட்டாயில் தன் விசாரணை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. தகுவாபாவில் மணிக்கிராமத்தாரும் சேனாமுகத்தாரும் பங்கு போட்டுக்கொண்ட அதே பொறுப்பு. இன் அமெனாஸில் அது இருவருக்கும் நடுவே விழுந்துவிட்டது. ஜப்பான் அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் சிக்கிய குடிமக்களைத் தன் படை தரை வழியாகவும் ஏற்றிவரலாம் என்றாக்கியது.

இதற்கென்று ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. லண்டனில் 1975-ல் கன்ட்ரோல் ரிஸ்க்ஸ், சிங்கப்பூரில் 1985-ல் பின்னாளில் இன்டர்நேஷனல் எஸ்ஓஎஸ் என்று பேர் பெற்ற நிறுவனம் என்று தொடங்கியது, 2021-ல் ஐஎஸ்ஓ 31030 என்ற பயண அபாய மேலாண்மை வழிகாட்டியாக வந்து நிற்கிறது. சென்னையில் எண்ணெய், எரிவாயு ஆலைகளுக்கு வரைபடம் போடும் அலுவலகங்கள் பல உண்டு. அங்கிருந்து ஒரு மூத்த என்ஜினீயர் பாஸ்ராவுக்குப் போனால், விமான நிலையத்தில் பெயர் சரிபார்த்து ஏற்றிக்கொள்வார்கள். குண்டு துளைக்காத வண்டி, முன்னும் பின்னும் காவல் வண்டி, மார்புக் கவசம், முள்வேலி முகாம். போர்ட் ஹார்கோர்ட் என்றால் ஆயுதம் தாங்கிய நைஜீரியப் போலீஸ் கூடவே வரும். அந்த நகரில் 2007-ல் இந்தோரமா பெட்ரோகெமிக்கல் ஆலையின் இந்திய ஊழியர்களைக் கடத்திப் பின்பு விடுவித்தார்கள். சொகுசாகத் தெரியும் இந்தக் காவல் எதுவும் அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

அடுத்த படியில் நிற்பவரின் கதை வேறு. ஒரகடம் பக்கம் அப்ரெண்டிஸாகவும் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் சில வருடம் ஓட்டிய ஐடிஐ இளைஞர், கன்சல்டன்சியில் டிரேட் டெஸ்ட் கொடுத்து வளைகுடாவில் ஏதோ ஒரு சுத்திகரிப்பு ஆலைக்கு ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ‘ஷட்டவுன்’ வேலைக்குப் போகிறார். ஆலை பெரிய கம்பெனியுடையது. இவர் பேர் இருப்பதோ சப்ளை கம்பெனியின் ஏட்டில். காவல் வண்டி இவருக்கு வராது. அரசின் பாதுகாவலரும் வர மாட்டார். இது சட்டத்தின் விசித்திரம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில்தான் குடிபெயர்வுச் சோதனை முத்திரை. அவர் ஈராக், குவைத், லிபியா, ஏமன் உள்ளிட்ட 18 நாடுகளில் வேலைக்குப் போனால் ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் தரும் காப்பீடும் கட்டாயம். பத்தாம் வகுப்பு தேறியவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர் பெரும்பாலும் பத்து தேறியவர்தான். நைஜீரியாவும் அல்ஜீரியாவும் அந்தப் பதினெட்டில் இல்லவே இல்லை. மதிப்பெண் பட்டியலைக் கண்டால் குண்டு விலகிப் போகும் என்று விதி வகுத்தவர்கள் நினைத்தார்களோ என்னவோ.

2014-ல் ஈராக்கின் திக்ரித் மருத்துவமனையில் சிக்கி, ஜூலை 5 அன்று கொச்சியில் வந்திறங்கிய 46 செவிலியரும் இப்படிச் சோதனைக்கு வெளியே இருந்த படிப்பாளிகள்தாம். ஒருவர் தூத்துக்குடிப் பெண், மற்றவர்கள் கேரளத்தார். அடுத்த ஆண்டு செவிலியரை மட்டும் சோதனைக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குப் பெரிய காரணம் ஏஜென்ட்டுகள் லட்சக்கணக்கில் கறந்தது. அதே கோடையில் மோசுலில் பிடிபட்ட 39 கட்டுமானத் தொழிலாளர் திரும்பவில்லை. அவர்கள் கொல்லப்பட்டதை 2018 மார்ச் 20 அன்று அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்.

தடை போட்டால் தீராதா என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தார்கள். 2004-ல் குவைத் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றின் இந்திய லாரி டிரைவர்கள் மூவரை ஈராக்கில் பிடித்துவைத்து ஏறத்தாழ 40 நாள் கழித்து விட்டார்கள். குவைத்தில் வேலை என்று எடுத்த ஆட்கள், வண்டி போன இடம் ஈராக். அந்த ஆண்டிலிருந்து 2010 வரை ஈராக்குக்கு வேலைக்குப் போக இந்தியா தடை விதித்தது. துபாய் வழியாகவும் ஜோர்டான் வழியாகவும் ஆட்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். தடையால் குறைந்தது, யார் எங்கே இருக்கிறார் என்ற அரசின் தகவல் மட்டும்.

கடலில் இந்தக் காவல் தொழில் தமிழ்நாட்டையே வந்து இடித்ததும் உண்டு. சோமாலியக் கடற்கொள்ளைக்குப் பயந்து எண்ணெய்க் கப்பல்கள் ஆயுதக் காவலரோடு போகத் தொடங்கிய காலம். 2012 பிப்ரவரி 15 அன்று என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்த கடற்படை வீரர்கள், கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் கேரளக் கரைக்கு அப்பால் இரண்டு மீனவர் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-ல் வழக்கு முடிந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கக் காவல் நிறுவனம் ஒன்றின் சீமேன் கார்டு ஓஹியோ கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. பிரிட்டிஷ், எஸ்டோனிய, உக்ரேனிய, இந்திய ஆட்கள் 35 பேர், கூடவே துப்பாக்கிகள். தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு வழக்குப் போட்டது. 2016 ஜனவரியில் ஐந்தாண்டு சிறை. 2017 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை எல்லோரையும் விடுவித்தது. பிறரைக் காக்கக் கூலிக்கு வந்த ஆட்கள், தங்கள் முதலாளி தங்களைக் காப்பாரா என்று புழலிலும் பாளையங்கோட்டையிலும் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

2024 ஜூன் 12 விடியலில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் ஒரு கம்பெனி தன் தொழிலாளரைக் குடிவைத்திருந்த அடுக்குமாடியில் தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் கிளம்பிய புகை மேலே ஏறியது. இறந்த 50 பேரில் 45 பேருக்குக் குறையாமல் இந்தியர். ஏழு பேர் தமிழர். விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் அறிவித்தது. போரும் இல்லை, கடத்தலும் இல்லை. பயணப் பாதுகாப்புக் கையேடுகள் இந்த அபாயத்தை நன்றாகவே அறியும். தங்கும் விடுதியில் தீயணைப்பு ஏணி எட்டும் மாடியில் அறை கேள், அவசர வாசலை எண்ணி வை என்று நிர்வாகிக்குச் சொல்லித் தருகின்றன. கேம்ப்பில் இருபது பேரோடு படுக்கும் வெல்டரிடம் அந்தக் கையேடு போய்ச் சேர்வதில்லை. கம்பெனிக் கணக்கில் அவர் பயணி இல்லை, அங்கேயே குடியிருப்பவர். குடிபெயர்வுச் சட்டத்தை மாற்ற 2019-லும் 2021-லும் மசோதா வரைவுகள் வெளியாகிப் பொதுமக்களிடம் கருத்தும் கேட்டார்கள். மங்காஃப் எரிந்த அன்று நடப்பில் இருந்தது 1983 சட்டம்தான்.